இரத்தக்கட்டு

இரத்தக்கட்டு அல்லது ஊமைக்காயம் என்பது, தோல் கிழியாத நிலையில் அதன் அடியிலுள்ள மென்திசுக்களில் குருதி கசிந்து தேங்குவதால் உண்டாகும் காயம் ஆகும். கீழே விழுதல், மோதுதல், அடிபடுதல் ஆகியன இதன் பொதுவான காரணங்கள். தோல், கொழுப்பு, தசை, தசைநாண், மூட்டு இணைப்புநார் ஆகிய எலும்பல்லாத பகுதிகள் மென்திசுக்கள் எனப்படுகின்றன. இணைப்புநார் அளவுக்கு மீறி இழுபடுவது சுளுக்கு ஆகும். விழுந்த ஒருவருக்குச் சுளுக்கும் இரத்தக்கட்டும் பெரும்பாலும் சேர்ந்தே ஏற்படுகின்றன.

ஏற்படும் விதம்

விழும்போது மென்திசுக்கள் தரைக்கும் எலும்புக்கும் இடையில் நசுங்குகின்றன. தோல் மீள்தன்மை உடையதால் கிழியாமல் தப்பிவிடுகிறது. அதன் கீழுள்ள மெல்லிய நுண்குழாய்கள் அறுந்து குருதியைக் கசியவிடுகின்றன. முதியோருக்குத் தோல் மெலிந்தும், அதன் அடியிலுள்ள கொழுப்பு குறைந்தும் இருப்பதால் சிறு இடியும் பெரிய கன்றலாகத் தெரியக்கூடும். மாறாக, ஆழத்தில் உள்ள தசையில் ஏற்படும் கசிவு வெளியே தெரியச் சில நாட்கள் ஆகலாம், தெரியாமலும் போகலாம்.

கசிந்த குருதி புவியீர்ப்பினால் கீழ்நோக்கி நகர்வதும் உண்டு. நெற்றியில் அடிபட்டவருக்கு இரண்டு நாட்கள் கழித்துக் கண் இமைகள் கறுப்பதும், கெண்டைக்காலில் தசை கிழிந்தவருக்குக் கணுக்காலில் நீலம் தோன்றுவதும் இதனாலேயே. நிறம் தோன்றும் இடமே அடிபட்ட இடம் என்று கொள்ள இயலாது.

நிறமாற்றம்

இரத்தக்கட்டின் நிறங்கள், உடல் தன் குருதியைத் தானே சிதைத்து அப்புறப்படுத்தும் வேதிவினையின் படிகள் ஆகும். தொடக்கத்தில் சிவப்பாக இருக்கும் பகுதி ஓரிரு நாட்களில் நீலம் அல்லது ஊதாவாக மாறுகிறது. ஈமோகுளோபின் ஆக்சிசனை இழப்பதும், தோலின் ஊடாக ஒளி சிதறும் விதமும் இதற்குக் காரணங்கள்.

பின்னர் பெருவிழுங்கிகள் எனப்படும் வெள்ளணுக்கள் வந்து சிதைந்த சிவப்பணுக்களை உட்கொள்கின்றன. ஈமோகுளோபினில் உள்ள ஈம் என்னும் பகுதியை ஒரு நொதி உடைக்கும்போது பச்சை நிறமுடைய பிலிவெர்டின், இரும்பு, மிகச் சிறிதளவு கார்பன் மோனாக்சைடு ஆகியன உண்டாகின்றன. பிலிவெர்டின் விரைவில் மஞ்சள் நிறமுடைய பிலிரூபினாக மாறுகிறது. மஞ்சள் காமாலையில் கண்களை மஞ்சளாக்குவதும் இதே பொருள்தான். இரும்பின் ஒரு பகுதி ஈமோசிடெரின் என்ற பழுப்பு நிறப் பொருளாகச் சிறிது காலம் தங்கக்கூடும். சாதாரண இரத்தக்கட்டு ஏறத்தாழ இரண்டு வாரங்களில் மறைகிறது. கால்களில் இன்னும் சில நாட்கள் கூடுதலாகலாம்.

நிறத்தைக் கொண்டு காயத்தின் வயதைத் துல்லியமாகக் கணிக்க இயலாது. ஒரே காயத்தில் பல நிறங்கள் ஒரே வேளையில் காணப்படலாம். கருமையான தோலில் இந்நிறங்கள் தெளிவாகத் தெரிவதில்லை என்பதால் வீக்கம், சூடு, தொட்டால் வலி, கடினத்தன்மை ஆகியவற்றையும் பார்த்தல் வேண்டும்.

முதலுதவியும் மீட்சியும்

ஓய்வு, பனிக்கட்டி, அழுத்தக்கட்டு, உயர்த்தி வைத்தல் ஆகிய நான்கையும் இணைத்த முறையை அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் 1978-இல் வெளியிட்ட விளையாட்டு மருத்துவ நூல் பரப்பியது. 2014-இல் அவரே, பனிக்கட்டியும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று தன் கருத்தைத் திருத்திக்கொண்டார். அழற்சி என்பது பெருவிழுங்கிகளைக் காயத்திற்கு அழைத்து வரும் நிகழ்வு. அதனை முற்றாக அடக்குவது துப்புரவைத் தடுப்பதாகும் என்பதே இதன் அடிப்படை. எனினும் முதல் ஓரிரு நாட்களில் வலியைக் குறைக்கப் பனிக்கட்டியைத் துணியில் சுற்றி 10 முதல் 20 நிமிடங்கள் வைப்பது இன்றும் பரவலாக உள்ளது. பனிக்கட்டியை நேரடியாகத் தோலில் வைத்தல் கூடாது.

ஓரிரு நாட்கள் காயத்திற்குச் சுமை தராமல் இருந்து, பின்னர் வலி அனுமதிக்கும் அளவுக்குப் படிப்படியாக அசைத்தல் தசை வலிமையையும் மூட்டின் இயக்கத்தையும் காக்கிறது. வாரக்கணக்கில் படுத்திருப்பதே பல வேளைகளில் அடியை விடக் கூடுதல் தீங்கு செய்கிறது. முதியோருக்கு இது குறிப்பாகப் பொருந்தும்.

எண்ணெய் தடவிச் சுளுக்கு வழிப்பதும் சூடான ஒத்தடமும் தமிழ்நாட்டில் வழக்கமானவை. முதல் இரண்டு மூன்று நாட்களில் இவை குருதிக் கசிவை மிகுதிப்படுத்தும். தொடைத் தசையின் ஆழ்ந்த காயத்தை அழுத்தி நீவினால், தசைக்குள் எலும்பு படியும் நிலை உண்டாகும் வாய்ப்பும் கூடுகிறது. மஞ்சள் பற்று பொதுவாகத் தீங்கற்றது. ஆயினும் அடியிலுள்ள நிறத்தை மறைத்துவிடுவதால் மருத்துவரிடம் செல்லும் முன் கழுவிவிடுதல் நன்று.

எச்சரிக்கை அறிகுறிகள்

கணுக்கால் காயத்தில் எலும்பு முறிவை ஐயுற உதவும் ஒட்டாவா விதிகள் 1992-இல் கனடாவில் வெளியாயின. அடிபட்ட உடனும், பரிசோதனையின்போதும் நான்கு அடி எடுத்துவைக்க இயலாமை அவற்றுள் ஒன்று. அத்தகையோருக்கு எக்சு கதிர்ப்படம் தேவை.

காயத்தின் தோற்றத்திற்குப் பொருந்தாத கடும் வலி, இறுகிய வீக்கம், விரல்களை நீட்டினால் வலி மிகுதல், மரத்துப்போதல் ஆகியன தசை அறைகளில் அழுத்தம் கூடியுள்ளதைக் காட்டலாம். இதற்கு ஒரு சில மணி நேரத்திற்குள் அறுவை மருத்துவம் செய்யாவிடில் தசை இறந்துவிடும். விழுந்து பல மணி நேரம் எழ முடியாமல் தரையில் கிடந்தவரின் சிறுநீர் தேநீர் நிறமானால், சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தைத் தாக்குகிறது என ஐயுற வேண்டும்.

வார்ஃபரின், அபிக்சபான் போன்ற குருதி உறைதல் தடுப்பு மருந்துகளை உட்கொள்வோர் தலையில் அடிபட்டால், புறத்தே எதுவும் தெரியாவிடினும் மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். மூளையின் மேலுறைக்கு அடியில் மெல்லக் கசியும் குருதி, முதியோரிடம் பல வாரங்கள் கழித்தே தலைவலியாகவும் குழப்பமாகவும் வெளிப்படுவது உண்டு. அதற்குள் விழுந்த நிகழ்வே மறந்துபோயிருக்கலாம். இரு கண்களைச் சுற்றியோ காதின் பின்புறமோ தோன்றும் கன்றல், மண்டையோட்டின் அடித்தள முறிவின் அறிகுறியாக இருக்கக்கூடும்.

அடி எதுவும் படாமலேயே இரத்தக்கட்டுகள் அடிக்கடி தோன்றினால் குருதித் தட்டுக்களின் எண்ணிக்கையைப் பரிசோதித்தல் வேண்டும்.