சாய்வெயிலில் எழுந்த கோட்டைகள்

சிரியா தேசத்தின் கீழைப் பாலைநிலத்தில், மண்ணோடு மண்ணாகிவிட்ட ரோமானியக் கோட்டையொன்றின் மதில்மீதே ஒருவன் நின்றாலும், நண்பகல் வெயிலில் ஒரு சாண் மேடும் அதையடுத்த பள்ளமும் ஒரே நிறமாய்த் தோன்றுவதால், தான் நிற்கும் இடம் இன்னதென்று அவன் அறியமாட்டான். பொழுது புலரும் வேளையில் முற்றத்தைப் பார்த்தால் நேற்றைய விளக்குமாற்றுக் கோடுகள்கூடத் தெரிவதை நாம் கண்டிருக்கிறோம். அதுபோலவே, விடியற்காலையில் விமானத்திலிருந்து நோக்குபவனுக்கு அந்த ஒரு சாண் மேடு நீண்ட நிழல் வீழ்த்த, சதுரமான மதிலும் மூலைக் கொத்தளங்களும் வாயிலுமாகக் கோட்டை முழுவதும் எழுந்து நிற்கும்.

இந்த சூட்சுமத்தை உணர்ந்து அதையே ஒரு சாஸ்திரமாகப் பயின்றவர்களுள் முன்னோடியாக நிற்பவர் அந்துவான் புவாதெபார் என்னும் பிரெஞ்சு ஏசுசபைத் துறவி. சிரியா பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டிருந்த காலத்தில், 1925 முதல் 1932 வரை ராணுவ விமானங்களில் பறந்து அவர் எடுத்த படங்கள் 1934-இல் நூலாக வெளிவந்தன. அவர் கண்ட 116 கோட்டைகளும் வடக்கு தெற்காக நீண்டு, ரோமப் பேரரசின் கீழை எல்லையைப் பாரசீகரிடமிருந்தும் பாலைக் குடிகளிடமிருந்தும் காத்த அரண்வரிசை என்பது அவருடைய முடிபு; பின்வந்தோரின் வாதங்களுக்கு நெடுங்காலம் அதுவே அஸ்திவாரமாயிற்று.

பிற்பாடு வந்த சாட்சியம் யுத்த பயத்தில் பிறந்தது. சோவியத் நாட்டின் ஏவுகணைத் தளங்களை வேவு பார்க்கும்பொருட்டு, 1960 முதல் 1972 வரை, கொரோனா என்ற மறைபெயரில் செயற்கைக்கோள்களை அனுப்பிய அமெரிக்கா, அவை எடுத்த பிலிம் சுருளைக் கலத்தில் அடைத்து வானிலிருந்து இறக்கியது. பாராசூட்டில் தொங்கிவரும் கலத்தைப் பசிபிக் சமுத்திரத்தின்மேல் ஒரு விமானம் கொக்கியிட்டு நடுவானிலேயே கவ்விக்கொள்ளும். 1995-இல் ரகசியம் நீக்கப்பட்டு வெளியான அப்படங்கள் 8 லட்சத்துக்கும் மேற்பட்டவை. யூப்ரடீஸ் நதியின் தப்கா அணை ஒரு பள்ளத்தாக்கையே மூழ்கடிப்பதற்கு முன்பும், டிராக்டர்கள் பல மேடுகளைச் சமனாக்குவதற்கு முன்பும் இருந்த நிலம் அவற்றில் அப்படியே இருக்கிறது. காபூர் ஆற்றுச் சமவெளியில் டெல் பிராக் முதலிய பழைய ஊர்மேடுகளைச் சுற்றி, 4,000 ஆண்டுகளுக்கு முன் உழவரும் ஆட்டுமந்தைகளும் நாள்தோறும் நடந்து நடந்து பள்ளமாக்கிய தடங்கள், ஈரம் தங்கிக் கறுத்த கோடுகளாக, சக்கரத்தின் ஆரங்களைப்போல் நாற்புறமும் விரிந்து கிடப்பதை அவற்றில் காணும்போது மனம் நெகிழ்கிறது. பெயர் தெரியாத மனிதரின் அன்றாட நடை அது.

இவ்வகைப் படங்களைக் கொண்டே டார்ட்மவுத் கல்லூரியின் ஜெஸ்ஸி கசானாவும் உடனாய்வாளரும் சுமார் 3 லட்சம் சதுர கிலோமீட்டர் நிலத்தைத் துழாவி, 2023-இல் வெளியிட்ட ஆய்வில் 396 கோட்டைகளைக் கணக்கிட்டனர். அவை எல்லைக்கோடாக நில்லாமல், டைகிரிஸ் கரையின் மோசூல் பக்கமிருந்து மேற்குச் சிரியா வரை கிழக்கு மேற்காகப் பரந்து கிடந்தன. ஆகவே அவை பகைவரைத் தடுக்க எழுந்த அரண்வரிசை அல்ல, வணிகச் சாத்துகளும் தூதரும் படைகளும் சென்ற வழிகளுக்குத் துணைநின்ற காவல்நிலைகள் என்பது அவர்கள் கருத்து. புவாதெபாரை இதற்காகக் குறைகூறுதல் தகாது. எல்லை இருக்கும் என்று எண்ணிய திசையில் அவர் பறந்தார். பறந்த திசையில் இருந்தவற்றைப் பிழையின்றிக் கண்டார். இன்றைய முடிபும் தரையில் சோதிக்கப்பட வேண்டியதே. நிழல் சுவரின் வடிவைச் சொல்லுமேயன்றி அது எழுந்த ஆண்டைச் சொல்லாது, அதற்கு ஓட்டுச்சில்லைக் கையிலெடுத்துப் பார்க்கும் மனிதன் வேண்டும்.

புவாதெபார் குறித்த 116 கோட்டைகளில் 38 மட்டுமே செயற்கைக்கோள் படங்களில் அடையாளம் காணப்பட்டன. எஞ்சிய 78-உம், இருப்பிடம் துல்லியமாகக் குறிக்கப்படாமையாலோ, இடைப்பட்ட ஆண்டுகளில் அழிந்தமையாலோ, அகப்படவில்லை. அவற்றுள் அழிந்தவை எத்தனையாயினும், அவற்றின் மதில் நிழல் இன்று அந்தத் துறவியின் படங்களில் மட்டுமே விழுந்து கிடக்கிறது.