உயிர்மணல்

பவளத் தொட்டிக்கென்று ஈரமணலைப் பையில் அடைத்து, 'உயிர்மணல்' என்று விற்கிறார்கள். உலர்ந்த மணலைவிட அதற்கு விலை அதிகம். திகாம் பத்துத் தோட்டத்துப் பிள்ளையொருவன் அதைக் கேட்டால், பெற்றோர் சம்பளத்தில் எடுத்து வாங்கத்தான் வேண்டுமா? சரித்திரத்தைப் பார்ப்போம்.

மீனின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகிறது. ரப்பர்ப்பால் உறையாதிருக்க நாம் ஊற்றும் அதே அமோனியாதான். தொட்டியில் அது பெருகினால் மீன் மடியும்.

1877-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிஞர்களான ஷ்லோசிங்கும் முன்ட்சும் நீண்ட குழாயொன்றில் மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பி, சாக்கடை நீரை மெல்ல வடியவிட்டார்கள். சுமார் 20 நாள்வரை அமோனியா மாறாமல் வெளிவந்தது. பிறகு அது குறைந்து, நைட்ரேட் என்னும் உப்புத் தோன்றிற்று. குளோரோபார்ம் ஆவியைச் செலுத்தியதும் அவ்வேலை நின்றது. தோட்டமண் கரைத்த நீரைச் சேர்த்ததும் மீண்டும் தொடங்கிற்று. அமோனியாவை மாற்றுவது மணலன்று, மணலில் குடியேறிய நுண்ணுயிர்களே என்பது இதனால் விளங்கிற்று. 1890-இல் ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி அவற்றைத் தனியே பிரித்துக் காட்டினார்.

இதே இயற்கை வேலையை மீன்தொட்டியில் நடத்திக் காட்டியவர் அண்டை நாடான இந்தோனேசியாவின் லீ சின் எங். கடல்நீர், உயிரினங்கள் ஒட்டிய கல், மணல் இவற்றோடு காற்றுக் குமிழியை மட்டும் விட்டுப் பவளம் வளர்த்த தம் முறையை 1961-இல் எழுதி வெளியிட்டார்.

இவற்றால் நாம் அறிவதென்ன? உலர்ந்த மணலும் நாளடைவில் உயிர்மணலாகும். விலை கொடுத்து வாங்கும் பை சில வாரக் காத்திருப்பைக் குறைக்கலாம். அதற்குமேல் பெரிய நன்மையில்லை. கடல்மணலில் வாழும் சிறு புழுக்களும் பூச்சிகளும் மூடிய பையில் நெடுநாள் பிழைப்பது அரிது. ஆகவே உலர்ந்த பவளமணலைக் கழுவிப் போட்டு, நோயற்ற பழைய கடல்நீர்த் தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி மணலை உறைமோர்போல் சேர்க்கலாம். மீன் விடாமல், சிறிது இரை மட்டும் இட்டுச் சில வாரம் பொறுத்திருக்க வேண்டும்.

செலவை மிச்சப்படுத்த எண்ணி, நம் கெடா கடலிலுள்ள பாயார் தீவில் மணல் அள்ளலாகாது. அது கடற்பூங்கா. அங்கே அனுமதியின்றிப் பவளத்தையோ மணலையோ எடுப்பது 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றமாகும்.

மிஞ்சும் வெள்ளிக்கு அமோனியாவைச் சோதிக்கும் மருந்து வாங்கிக் கொடுக்கலாம். அமோனியா இல்லையென்று சோதனை காட்டிய பிறகு, ஒன்றிரண்டு மீன்களை மட்டும் முதலில் விடச் சொல்வோம்.