ராத்திரி கப்பல், காலையில் ரயில்: ஹோட்டல் செலவில்லாமல் ஐரோப்பா சுற்ற ஒரு கைடு!

போடிமெட்டு ஏறியிருக்கீங்களா? 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போனதும், எல்லைக் கடையில் ஒரு டீ குடிச்சிருப்பீங்க. அந்த ரோட்டுக்கு இப்போ என்.எச். 85 என்று பெயர். ஆனால் போடியில் பெரியவர்களைக் கேட்டால் இன்னும் 'கொச்சி - தனுஷ்கோடி ரோடு' என்றுதான் சொல்வார்கள். பழைய என்.எச். 49 அது. அந்த தனுஷ்கோடியில் ஒருகாலத்தில் ரயிலை விட்டு இறங்கி, பக்கத்திலேயே கப்பல் ஏறி, அக்கரையில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போனார்கள்.

ரயில், கப்பல், மறுபடி ரயில். இதே ஃபார்முலாவில்தான் இன்றைக்கும் ஐரோப்பாவில் பட்ஜெட் பயணிகள் ஊர் சுற்றுகிறார்கள். கூடுதல் வசதி, அங்கே கப்பல் ராத்திரியில் ஓடுகிறது. தூங்கி எழுந்தால் அடுத்த நாடு. ஒரு நாள் ஹோட்டல் வாடகையும் மிச்சம், ஒரு பகல் நேரமும் மிச்சம்.

ஆனால் ஒரு விஷயத்தை முதலிலேயே மனசில் வைங்க. இந்தப் பயணத்தில் ஜெயிப்பதும் தோற்பதும் கப்பலிலோ ரயிலிலோ இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த 'கனெக்‌ஷன்'ல இருக்கு.

நம்ம ஊர் போட் மெயில் எப்படி வேலை செய்தது?

1914-க்கு முன்பு சென்னையிலிருந்து ரயில் தூத்துக்குடிக்குப் போகும். அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்ததும் ரூட் மாறியது. எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குச் சில மணி நேரக் கப்பல், பிறகு கொழும்பு கோட்டை வரை இலங்கை ரயில். மூன்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்.

1928-ல் மதுரை - போடி மீட்டர்கேஜ் பாதை வந்தது. அதற்குப் பிறகு போடி ஸ்டேஷனில் ரயில் ஏறிய ஒருவர், மதுரையில் மாறி, தனுஷ்கோடி போய், கடல் தாண்டிக் கொழும்பில் இறங்க முடிந்தது. இது சுற்றுலாவுக்கான வழி மட்டும் இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போன லட்சக்கணக்கான தமிழர்கள் மண்டபம் முகாமில் காத்திருந்து, இந்தக் கடலைத்தான் கடந்தார்கள்.

இது ஏன் கச்சிதமாக ஓடியது? மூன்று காரணம். ஸ்டேஷனும் கப்பல்துறையும் ஒரே இடம். டிக்கெட் ஒன்று. ரயிலை ஓட்டிய சவுத் இந்தியன் ரயில்வேயே கப்பலையும் ஓட்டியது. ரயில் லேட்டானால் கப்பல்காரரைத் தேடி ஓட வேண்டியதில்லை.

1964 டிசம்பர் 22 ராத்திரி வந்த புயலில் தனுஷ்கோடியே அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில், உள்ளே இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரோடு கடலில் போனது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது. 1980-களில் இலங்கைப் போர் அதையும் நிறுத்தியது. அந்தத் தேதியோடு எத்தனையோ குடும்பங்களுக்கு அக்கரைச் சொந்தங்களைப் பார்க்க இருந்த மலிவான வழியும் மூடியது. 2011 ஜூனில் தூத்துக்குடி - கொழும்பு இடையே 'ஸ்கோசியா பிரின்ஸ்' என்ற இரவுக் கப்பல் வந்தது. சில மாதங்களிலேயே அதுவும் நின்றுபோனது.

ஐரோப்பாவில் எந்த ரூட் பெஸ்ட்?

ஹூக் ஆஃப் ஹாலந்து - ஹார்விச்: நெதர்லாந்திலிருந்து இங்கிலாந்துக்கு ஸ்டெனா லைன் கப்பல். ராத்திரி ஏறினால் காலையில் ஹார்விச். ரயில் நிலையம் துறைமுகத்தை ஒட்டியே இருக்கு. லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் சுமார் ஒன்றரை மணி நேரம். ரயிலும் கப்பலும் சேர்ந்த 'ரெயில் அண்ட் செயில்' டிக்கெட் கிடைக்கும். நம்ம போட் மெயிலுக்கு ரொம்ப நெருக்கமான சொந்தக்காரன் இதுதான். இரவுப் பயணத்தில் கேபின் எடுப்பது கட்டாயம் என்பதால், பட்ஜெட்டில் அதையும் சேர்த்துக்கோங்க.

ஸ்டாக்ஹோம் - துர்க்கு: ஸ்வீடனிலிருந்து ஃபின்லாந்துக்கு. சாயங்காலம் கிளம்பி விடிகாலை போய்ச் சேரும். துர்க்குவிலிருந்து ஹெல்சிங்கிக்கு ரயிலில் சுமார் 2 மணி நேரம். ஃபின்லாந்து கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். அலாரத்தை அதுக்கேற்ப வைக்கலைன்னா, கப்பல் ஊழியர் கதவைத் தட்டித்தான் எழுப்புவார்.

பாரி - பத்ராஸ்: இத்தாலியிலிருந்து கிரீஸுக்கு. இரவு முழுக்கக் கடலில், மறுநாள் கரையில். ஆனால் பத்ராஸில் இறங்கியதும் ஏதென்ஸுக்கு நேரடி ரயில் கிடையாது. முதலில் பஸ்ஸில் போய், வழியில் ரயில் பிடிக்கணும். மேப்பில் ஈஸியாகத் தெரியும் ரூட், கனெக்‌ஷனில் சொதப்புவதற்கு இது நல்ல உதாரணம்.

மிலன் / ரோம் - சிசிலி: இதுதான் ஹைலைட். இரவு ரயிலின் பெட்டிகளையே பிரித்துக் கப்பலுக்குள் ஏற்றி, மெசினா ஜலசந்தியைக் கடக்கிறார்கள். நீங்க படுக்கையை விட்டு எழுந்திருக்கவே வேண்டாம்.

காசு உண்மையில் மிச்சமாகுமா?

எப்பவும் இல்லை. கணக்கு சிம்பிள். கப்பல் டிக்கெட், கேபின், துறைமுகத்துக்குப் போய்வரும் செலவு, கப்பலில் சாப்பாடு, எல்லாத்தையும் கூட்டுங்க. இன்னொரு பக்கம் ஒரு ராத்திரி ஹோட்டல், அதே தூரத்துக்கான ரயில் அல்லது விமான டிக்கெட், லக்கேஜ் கட்டணம். இரண்டையும் ஒப்பிடுங்க. தனியாகப் போனால் முழு கேபின் செலவும் உங்க தலையில். நாலு பேர் சேர்ந்து ஒரே கேபினில் போனால் கணக்கு அடியோடு மாறும்.

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு யூரெயில் பாஸ். இன்டர்ரெயில் பாஸ் ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு. பாஸ் வைத்திருந்தால் சில கப்பல் நிறுவனங்கள் தள்ளுபடி தரும். ஆனால் 'பாஸ் இருக்கே, கப்பலும் ஃப்ரீ' என்று நினைத்துக் கிளம்பாதீங்க. கேபினுக்குத் தனிக் காசு.

கிளம்பும் முன்பு இந்த 6 விஷயங்கள்

1. விசா: நம்ம பாஸ்போர்ட்டுக்கு முக்கியமான பாயின்ட். நெதர்லாந்து ஷெங்கன் நாடு, இங்கிலாந்து இல்லை. ஹார்விச் கப்பலுக்குத் தனியாக பிரிட்டன் விசா வேணும். திரும்பவும் ஐரோப்பாவுக்குள் வரணும்னா ஷெங்கன் விசா 'மல்டிபிள் என்ட்ரி'யாக இருக்கணும். ஸ்டாக்ஹோம் - துர்க்கு, பாரி - பத்ராஸ் ரூட்டில் இந்தச் சிக்கல் இல்லை, இரு பக்கமும் ஷெங்கன்.

2. எந்தத் துறைமுகம்: ஸ்டாக்ஹோமிலேயே வைகிங் லைனுக்கு ஒரு துறை, டாலிங்க் சில்யாவுக்கு வேறொரு துறை. டிக்கெட்டில் இருக்கும் டெர்மினல் பெயரை மேப்பில் பின் பண்ணிடுங்க.

3. செக்-இன்: கப்பல் 9 மணிக்கு என்றால் 9 மணிக்குப் போய் ஏற முடியாது. கேட்டை முன்கூட்டியே மூடிவிடுவார்கள். ரயிலுக்கும் கப்பலுக்கும் நடுவில் குறைந்தது இரண்டு மணி நேரம் விடுங்க.

4. ஒரே டிக்கெட்: ரயிலும் கப்பலும் தனித்தனி டிக்கெட் என்றால், ரயில் லேட்டாகிக் கப்பலை விட்டால் பொதுவாக நஷ்டம் உங்களுக்குத்தான். சேர்ந்த டிக்கெட் கிடைத்தால் கொஞ்சம் காசு கூடினாலும் அதை எடுங்க.

5. உங்க உரிமை: ஐரோப்பிய யூனியன் விதிப்படி, கப்பல் ரத்தானாலோ கிளம்ப 90 நிமிடத்துக்கு மேல் தாமதமானாலோ, மாற்றுப் பயணம் அல்லது பணம் திரும்பக் கேட்கலாம். ராத்திரி தங்க வேண்டி வந்தால் ஒரு இரவுக்கு 80 யூரோ வரை, அதிகபட்சம் 3 இரவுக்குத் தங்கும் செலவும் உண்டு. மோசமான வானிலை காரணம் என்றால் தங்கும் செலவு கிடைக்காது.

6. கைப்பை: காரில் போகிறவர்களுக்கு: கப்பல் கிளம்பியதும் வாகனத் தளத்தைப் பூட்டிவிடுவார்கள். பாஸ்போர்ட், மாத்திரை, சார்ஜர், ஸ்வெட்டர் எல்லாம் கையோடு எடுத்துக்கோங்க.

போடியிலிருந்தே ஒரு ட்ரையல் போகலாமா?

தாராளமா! 2010 இறுதியில் அகலப்பாதைக்காக நிறுத்திய ரயில், 2023 ஜூன் 15 முதல் போடிக்கு மறுபடி ஓடுது. சாயங்கால ரயிலில் மதுரை, அங்கிருந்து ராத்திரியோடு ராத்திரியாக நாகப்பட்டினம். நாகை - காங்கேசன்துறை பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் 'செரியாபாணி'யோடு ஆரம்பித்து ஒரே வாரத்தில் நின்றது. 2024 ஆகஸ்ட் 16 முதல் 'சிவகங்கை' கப்பலோடு மறுபடி தொடங்கியது. சுமார் 110 கிலோமீட்டர், ஏறக்குறைய 4 மணி நேரம். இங்கே கப்பல் பகலில், தூக்கம் பஸ்ஸில். அக்கரையில் காங்கேசன்துறை - கொழும்பு ரயில் பாதை இருக்கு.

பாஸ்போர்ட் கட்டாயம். இலங்கையின் பயண அனுமதியை ஆன்லைனில் முடிச்சுடுங்க. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சேவையை நிறுத்துவது வழக்கம். அதனால் கப்பல் ஓடுகிற நாள், அக்கரை ரயில் நேரம் இரண்டையும் உறுதி செய்த பிறகே லீவு போடுங்க.

பழைய ரூட்டைப் பொறுத்தவரை, தலைமன்னாருக்கு 2015 மார்ச்சில் ரயில் திரும்பிவிட்டது. புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறந்து, ராமேஸ்வரம் வரை ரயில் போகுது. இரண்டு பக்கமும் தண்டவாளம் ரெடி. நடுவில் ஓட வேண்டிய கப்பல்தான் பாக்கி.