திரும்ப மறுக்கும் சாவி

காலையில் வேலைக்குப் புறப்படுகிறவர் காரில் அமர்ந்து சாவியை நுழைத்துத் திருப்புகிறார். சாவி அசைய மறுக்கிறது. நேரமாகிவிட்ட பதற்றத்தில் பலங்கொண்ட மட்டும் முறுக்குகிறார். சாவி வளைகிறதேயன்றிப் பூட்டு இளகவில்லை. ‘பூட்டுக் கெட்டுவிட்டது’ என்று முடிவு கட்டிவிடுகிறார். பல வேளைகளில் அம்முடிவு பிழையானது. பூட்டு தனக்கு இடப்பட்ட கட்டளையைச் சரிவர நிறைவேற்றிக்கொண்டிருக்கிறது! இதன் காரணத்தை அறியப் பூட்டின் வரலாற்றோடு ரயில்வேயின் வரலாற்றையும் சிறிது புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

பெயரும் பொருளும்

தாழ், பூட்டு, திறவுகோல் ஆகியவை தமிழில் நெடுங்காலம் வழங்கிவரும் சொற்கள். ‘சாவி’ மட்டும் போர்த்துக்கீசியர் தந்துவிட்டுப் போன சொல். மலாய் மொழியில் பூட்டுக்கும் சாவிக்கும் ‘குஞ்சி’ என்னும் ஒரே சொல் வழங்குவது சுவையானது. ஒன்றின்றி மற்றொன்று இல்லை என்பதை அச்சொல்லே உணர்த்துகிறது.

பழைய எகிப்தியர் மரப்பூட்டுச் செய்தனர். தாழ்ப்பாளின் துளைகளில் மேலிருந்து மரமுளைகள் விழுந்து அதனை அசையவொட்டாது பிடித்துக்கொள்ளும். முளைகள் அனைத்தையும் ஒருசேர உயர்த்தும் கோலே சாவி. இத்தத்துவத்தை அமெரிக்கரான லைனஸ் யேல் சிறிய உலோக உருளைக்குள் அடக்கி, 1861இலும் 1865இலும் காப்புரிமை பெற்றார். தமிழகத்தில் பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லின் கைவினைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

கார்ப் பூட்டுகள் பலவற்றில் முளைகளுக்குப் பதிலாக மெல்லிய உலோகத் தகடுகள் வரிசையாக நிற்கும். சாவியின் வெட்டுகள் அவற்றை உருளையின் விளிம்புக்குள் இழுத்து நிறுத்தும். ஒரு தகடு மயிரிழையளவு வெளியே நீண்டிருந்தாலும் உருளை திரும்பாது.

செந்தூலும் ரயில்வேயும்

கோலாலம்பூரின் செந்தூல், அதே பெயருடைய பழமரத்தால் பெயர் பெற்ற ஊர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாய் ஐக்கிய நாடுகளின் ரயில்வே தன் மத்தியப் பட்டறையை அங்கு நிறுவியது. என்ஜின்களும் பெட்டிகளும் அங்கே பழுது பார்க்கப்பட்டன. தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தோர் ரயில்வேயில் பல நிலைகளில் பணியாற்றினர். அவர்களுடைய குடியிருப்புகளால் செந்தூல் தமிழர் வாழும் ஊராயிற்று. ஜப்பானியர் ஆட்சியில், 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும், நேச நாட்டு விமானங்கள் பட்டறையைக் குண்டு வீசித் தாக்கின. போருக்குப் பின் பட்டறை மீண்டும் எழுந்தது. பிற்காலத்தில் பழுதுபார்க்கும் பணி பேராக்கிலுள்ள பத்து காஜாவுக்கு மாறியது. பழைய ரயில்வே கட்டடம் ஒன்றில் 2005 முதல் கலையரங்கம் நடைபெற்று வருகிறது.

காரின் சாவிக்கும் ரயிலுக்கும் என்ன தொடர்பு? ‘ஒன்று பாதுகாப்பாக அமையும் வரை மற்றொன்று அசையலாகாது’ என்னும் விதியை இரும்பில் வார்த்தெடுத்தவர்கள் ரயில்வேக்காரர்களே. அதற்கு உயிர்கள் விலையாகத் தரப்பட்டன.

1874 செப்டம்பரில் இங்கிலாந்தின் நோரிச் நகருக்கருகே, தார்ப் என்னுமிடத்தில், ஒற்றைப் பாதையில் இரு ரயில்கள் நேருக்கு நேர் மோதின. தந்தியில் நேர்ந்த குழப்பத்தால் இரண்டும் ஒரே பாதையில் விடப்பட்டன. 25 பேர் மாண்டனர். அதன் பிறகு எட்வர்ட் டையர் என்பவர் 1878இல் ஒரு கருவியைச் செய்தார். அடுத்தடுத்த இரு நிலையங்களிலுள்ள பெட்டிகளை மின்கம்பி இணைக்கும். ஒரு பெட்டியிலிருந்து ஒரு வில்லையை எடுத்துவிட்டால், அது ஏதேனும் ஒரு பெட்டிக்குத் திரும்பும் வரை வேறு வில்லை வெளிவராது. வில்லையில்லாத ஓட்டுநர் ரயிலை நகர்த்தக் கூடாது. பின்னர் இந்த வில்லை சாவி வடிவமும் பெற்றது. மலாயா ரயில்வேயும் இத்தகைய சாவிகளைக் கையாண்டது. சிங்கப்பூரின் புக்கிட் தீமா நிலையத்தில், 2011இல் அது மூடப்படும் வரை, ஓடும் ரயிலில் இருப்பவரும் நிலையத்தாரும் சாவி வளையத்தைக் கைமாற்றிக்கொண்டனர்.

1875இல் ஆனெட் என்னும் ஆங்கிலேயர் செய்த பூட்டும் இவ்வகையினதே. கிளைப்பாதைக்குத் தண்டவாளத்தைத் திருப்பியவர், அதை மீண்டும் தலைமைப் பாதைக்குச் சேர்த்தாலன்றிச் சாவியை உருவ இயலாது. சாவி கைக்கு வந்ததே பாதை சரியாக இருப்பதற்குச் சான்று.

காரில் புகுந்த பூட்டு

தொடக்ககாலக் கார்களைக் கைப்பிடியால் சுழற்றிக் கிளப்பினர். அது பின்னோக்கி உதைத்துக் கை முறிந்தோர் பலர். 1912ஆம் ஆண்டு மாதிரிக் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின்சார ஸ்டார்ட்டர் அவ்வாபத்தை நீக்கியது. சாவியைத் திருப்பியே என்ஜினைக் கிளப்பும் முறையைக் கிரைஸ்லர் நிறுவனம் 1949இல் கொண்டு வந்தது. பின்னர்த் திருட்டைத் தடுக்க ஸ்டியரிங் பூட்டுப் பரவிற்று. அமெரிக்காவில் 1970 முதல் புதிய கார்களில் திருட்டுத் தடுப்புப் பூட்டுக் கட்டாயமாயிற்று. ஸ்டியரிங் பூட்டில், சாவியை எடுத்ததும் ஓர் இரும்பு நாக்கு ஸ்டியரிங் தண்டின் பள்ளத்தில் விழுந்து அதனைப் பிடித்துக்கொள்ளும்.

சாவி திரும்பாமைக்கு முதற் காரணம் இந்த நாக்குதான். சக்கரம் திருகிய நிலையிலோ சாலையோரக் கட்டையில் முட்டியோ கார் நின்றால், டயரின் முறுக்கு ஸ்டியரிங் வழியே நாக்கை நெருக்கும். அப்போது சாவியை மட்டும் முறுக்கிப் பயனில்லை. ஒரு கையால் சாவியை மெல்லத் திருப்பிக்கொண்டே, மறு கையால் ஸ்டியரிங்கை இருபுறமும் அசைத்து, இளகும் பக்கமாகத் தள்ளவேண்டும். நெருக்கம் தளர்ந்ததும் சாவி தானே திரும்பும்.

தானியங்கிக் கியர் உள்ள பல கார்களில், கியர் ‘பி’ நிலைக்கு வராவிடில் சாவி முழுதும் பின்திரும்பாது, வெளியிலும் வராது. ஆனெட்டின் பூட்டை இங்கே மீண்டும் காணலாம்.

இவ்விரண்டும் இல்லையேல் தேய்மானத்தை ஐயுறலாம். மாற்றுச் சாவியைப் போட்டுப் பார்ப்பது எளிய சோதனை. அது திரும்பினால் குற்றம் பழைய சாவியினுடையது. தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டிய புதுச்சாவி தேய்மானத்தையும் சேர்த்தே சுமந்து வரும். ஆதலால் தயாரிப்பாளரின் குறியெண்ணைக் கொண்டு வெட்டச் செய்தலே முறை. தகடுகள் தூசியால் ஒட்டியிருந்தால் சிறிது கிராஃபைட் தூள் உதவும். கெட்டியான எண்ணெய் தூசியைச் சேர்த்து மேலும் அடைக்கும். குறடால் திருகினால் சாவி உள்ளேயே முறிந்து, சிறு செலவு பெருஞ்செலவாகிவிடும். உருளையே தேய்ந்திருந்தால் பூட்டுத் தொழிலாளியிடம் கொடுத்து மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

எளிதில் திரும்பிய பூட்டு

திரும்பாத பூட்டு எரிச்சல் தரும். எளிதில் திரும்பிவிடும் பூட்டு உயிரையே குடிக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2014இல் ஏறத்தாழ 26 இலட்சம் கார்களைத் திரும்பப் பெற நேர்ந்தது. சாவி சுவிட்சின் பிடிப்பு அளவுக்கு மீறித் தளர்ந்திருந்தது. கனமான சாவிக்கொத்தின் இழுப்போ சாலையின் குலுக்கலோ போதும், ஓடும் காரிலேயே சாவி பின்திரும்பிவிடும். என்ஜின் நிற்கும்; ஸ்டியரிங் இறுகும்; மோதல் நேர்ந்தால் காற்றுப்பையும் விரியாது. 124 மரணங்களுக்கு இழப்பீடு வழங்கப்பட்டது. பின்னாளில் சுவிட்சைத் திருத்தியவர்கள் அதன் உறுப்பு எண்ணை மாற்றாமல் விட்டதால், குற்றம் வெளிப்படுவது தாமதமாயிற்று. திருத்தியதைப் பதிவு செய்யாத ஒரு சிறு பிழைக்கு எத்தனை குடும்பங்கள் விலை கொடுத்தன!

பொத்தானை அழுத்திக் கிளப்பும் கார்கள் பெருகிவிட்ட போதிலும், பிரேக்கை மிதிக்காவிடில் பெரும்பாலானவை கிளம்புவதில்லை. சாவி மறைந்தாலும் விதி மறையவில்லை. அடுத்த முறை சாவி திரும்ப மறுத்தால், கையின் வலிமையைக் காட்டுமுன், அது எதற்காகக் காத்திருக்கிறது என்று பார்த்தல் நன்று.