கோடு 80-ஐத் தாண்டினால் விலை இறங்குமா? செம்பனை முன்பேரச் சந்தையும் ஸ்டோகாஸ்டிக்கும்

சுங்கை பூலோவிலிருந்து எம்ஆர்டி ஏறி வேலைக்குப் போகும் இளைஞர்களின் கைபேசியில் பச்சை, சிவப்பு மெழுகுவர்த்தி வரைபடங்கள் ஓடுவது இப்போது புதிதல்ல. அதன் அடியில் 0-க்கும் 100-க்கும் நடுவே நெளியும் இரண்டு கோடுகள் இருக்கும். அதுதான் ஸ்டோகாஸ்டிக். ‘80-ஐத் தாண்டிருச்சு, ஷார்ட் போடு’, ‘20-க்குக் கீழே வந்திருச்சு, வாங்கு’ என்று டெலிகிராம் குழுக்களில் வரும் செய்திகளுக்கு இந்தக் கோடுகள்தான் ஆதாரம்.

இந்தக் கோடு உண்மையில் என்ன சொல்லுது? முன்பேரச் சந்தையில் அதை நம்பி இறங்கினால் எவ்வளவு பணம் ஆடும்?

எதை வாங்கி விற்கிறார்கள்?

மலேசியாவில் இதற்குப் பெயர்போனது கச்சா செம்பனை எண்ணெய் முன்பேர ஒப்பந்தம், சுருக்கமாக எஃப்சிபிஓ. 1980 அக்டோபரில் கோலாலம்பூர் பண்டகச் சந்தையில் தொடங்கிய இந்த ஒப்பந்தம் இன்று புர்சா மலேசியா டெரிவேட்டிவ்ஸில் நடக்கிறது. உலகச் செம்பனை விலைக்கு இதைத்தான் அளவுகோலாகப் பார்க்கிறார்கள்.

இது சூதாட்டத்துக்காக உருவான சந்தை அல்ல. மூன்று மாதம் கழித்து எண்ணெய் விற்கப்போகும் ஆலைக்காரர், விலை விழுந்துவிடுமோ என்ற பயத்தில் இன்றே விலையைப் பூட்டி வைக்க உருவானது. எதிர்ப்பக்கம் எண்ணெய் வாங்கப்போகும் சுத்திகரிப்பு நிறுவனம் இருக்கும். நடுவில் விலை ஏற்ற இறக்கத்தில் மட்டும் லாபம் தேடுபவர்கள் நுழைகிறார்கள். சுங்கை பூலோ ரப்பர் ஆராய்ச்சி நிலையத் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்களுக்கு விலை என்பது சம்பளத்தில் தெரியும் சங்கதி. அந்த நிலத்தின் பெரும்பகுதி இன்று குவாசா டாமன்சாரா நகரியம். அங்கே குடியிருக்கும் பேரப்பிள்ளைகளுக்கு அதே பண்டச் சந்தை கைபேசிக்குள் வந்துவிட்டது.

ஓர் ஒப்பந்தம் என்பது 25 டன். விலை டன்னுக்கு 1 ரிங்கிட் நகர்ந்தால் உங்கள் கணக்கில் 25 ரிங்கிட் நகரும். டன் 4,340 ரிங்கிட் என்றால் ஒப்பந்தத்தின் மதிப்பு 108,500 ரிங்கிட். ஆனால் அவ்வளவு பணம் கட்டத் தேவையில்லை, மார்ஜின் எனப்படும் பிணைத்தொகை போதும். தீர்வகம் அதை நிர்ணயிக்கும், சந்தை கொந்தளித்தால் கூட்டும். இங்கே கணக்குக்காக 10,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம்.

கோடு எப்படிப் பிறக்கிறது?

1950-களின் பிற்பகுதியில் சிகாகோவில் இந்த முறையைப் பரப்பியவர் ஜார்ஜ் லேன். கணக்கு எளிது. கடைசி 14 நாளின் மிக உயர்ந்த விலையையும் மிகத் தாழ்ந்த விலையையும் எடுங்கள். இன்றைய முடிவு விலை அந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனை சதவீத உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். அவ்வளவுதான்.

உதாரணத்துக்கு உச்சம் 4,400, அடிமட்டம் 4,000, இன்று முடிந்தது 4,340. வித்தியாசம் 400, அதில் நாம் 340 மேலே இருக்கிறோம். 340-ஐ 400-ஆல் வகுத்தால் 85 சதவீதம். இதுதான் கே கோடு. அதன் மூன்று நாள் சராசரி டி கோடு. கே கோடு டி-யைக் கீழ்நோக்கி வெட்டினால் விற்பதற்கான அறிகுறி, மேல்நோக்கி வெட்டினால் வாங்குவதற்கான அறிகுறி என்பது பாடப்புத்தக விதி.

லேன் இதில் தேடியது வேகத்தை. கெந்திங் மலை ஏறும் பேருந்து உச்சிக்குப் போவதற்குள் திணற ஆரம்பிக்கும் இல்லையா, அது மாதிரி. விலை புது உச்சம் தொடுகிறது, ஆனால் கோடு முந்தைய உச்சத்தைத் தொடவில்லை என்றால், ஏறும் விலையில் மூச்சு குறைகிறது என்று அர்த்தம். இதற்கு விலகல் என்று பெயர். வெறும் 80, 20-ஐ விட இந்த விலகலைத்தான் அவர் பெரிதாக மதித்தார். குழுக்களில் வரும் செய்திகளில் இதைப் பற்றிப் பேச்சே இருக்காது.

கூரை கோட்டுக்குத்தான், விலைக்கு இல்லை

85-ஐப் பார்த்து ‘அதிகமா வாங்கிட்டாங்க, இனி இறங்கும்’ என்று ஒருவர் 4,340-இல் ஷார்ட் போடுகிறார். மறுநாள் விலை 4,430 வரை போய் 4,420-இல் முடிகிறது. கோடு 98. கோட்டைப் பார்த்தால் 13 புள்ளிதான் கூடியிருக்கு. கணக்கிலோ 80 ரிங்கிட் பெருக்கல் 25, அதாவது 2,000 ரிங்கிட் போய்விட்டது. 10,000 பிணைத்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு, ஒரே நாளில்.

அதற்கு அடுத்த நாள் விலை இன்னும் 200 ஏறினாலும் கோடு 100-ஐத் தாண்டாது, தாண்டவும் முடியாது. புது உச்சம் வந்தால் அளவுகோலே மேலே நீண்டுவிடும். 80-க்கு மேல் கோடு வாரக்கணக்கில் படுத்துக் கிடக்கலாம். அது விலை களைத்துப் போனதற்கான அடையாளம் அல்ல, பல நேரம் பலத்துக்கான அடையாளம்.

2022-ஐ நினைத்துப் பாருங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் எஃப்சிபிஓ 5,000 ரிங்கிட்டை ஒட்டி இருந்தது. பிப்ரவரி 24-இல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்ததும் சூரியகாந்தி எண்ணெய் வரத்து அடைபட, மார்ச் தொடக்கத்தில் விலை 7,000-ஐத் தாண்டியது. வழியில் 5,500-இல் ‘ரொம்ப ஏறிருச்சு’ என்று ஷார்ட் போட்டு 7,000 வரை பிடிவாதமாக இருந்தவருக்கு ஓர் ஒப்பந்தத்தில் மட்டும் 37,500 ரிங்கிட் நட்டம். ஏப்ரல் 28-இல் இந்தோனேசியா ஏற்றுமதியை நிறுத்தியது, மே 23-இல் திறந்துவிட்டது. ஜூலையில் விலை 4,000-க்குக் கீழே விழுந்தது. ஏறும்போது ஷார்ட் போட்டவரை அழித்த அதே கோடு, இறங்கும்போது ‘20-க்குக் கீழே, மலிவு’ என்று வாங்கியவரையும் விடவில்லை.

அப்போ எங்கேதான் உதவும்?

விலை ஒரு மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் நடுவே ஊசலாடும் காலத்தில் இது நன்றாகவே வேலை செய்யும். போக்கு தெளிவாக இருக்கும்போது, போக்கின் திசையில் வரும் அறிகுறியை மட்டும் எடுப்பவர்கள் உண்டு. விலை 50 நாள் சராசரிக்கு மேலே இருந்தால் ஷார்ட் அறிகுறிகளைக் கண்டுகொள்ள மாட்டார்கள். கோடு 20-க்குக் கீழே போய் மறுபடி மேலே ஏறும் வரை காத்திருந்து வாங்குவார்கள். 80-க்குள் நுழையும்போது விற்பதற்கும், 80-ஐ விட்டுக் கீழே வரும்போது விற்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கு. எது எப்படியானாலும், எத்தனை ரிங்கிட் போனால் வெளியேறுவது என்பதை உள்ளே போவதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும்.

ஐந்து நிமிட வரைபடத்தில் அறிகுறிகள் கொட்டும், ஒவ்வொன்றுக்கும் தரகுக் கட்டணமும் கொட்டும். அதில் லாபம் பார்ப்பது மிகக் கடினம் என்பது என் கருத்து.

எஃப்சிபிஓ-வுக்கே உரிய சில பொறிகளும் உண்டு. மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் மாதாந்திரக் கையிருப்பு விவரத்தைப் பெரும்பாலும் 10-ஆம் தேதி வாக்கில் பகல் 12.30-க்கு வெளியிடும். காலைச் சந்தை முடிவதும் அதே 12.30-க்கு. மீண்டும் 2.30-க்குத் திறக்கும்போது விலை ஒரே தாவாகத் தாவியிருக்கலாம். நீங்கள் போட்டு வைத்த நட்ட வரம்பை விலை தாண்டிக் குதித்துவிடும், அது நடக்கப்போவது 14 நாள் பழைய விலைக்குத் தெரியாது. 2021 டிசம்பரில் வந்த இரவுச் சந்தை, திங்கள் முதல் வியாழன் வரை 9 மணியிலிருந்து 11.30 வரை, மறுநாள் கணக்கில்தான் சேரும். மாதத்தின் 15-ஆம் தேதி வாக்கில் ஓர் ஒப்பந்தம் முடிந்து அளவுகோல் மாதம் மாறும். இரண்டு ஒப்பந்தங்களை ஒட்டிய வரைபடத்தில் அந்த இடத்தில் தெரியும் தாவல் உண்மையான விலை நகர்வே இல்லாமல் இருக்கலாம், கோடு மட்டும் அதைப் பார்த்து வளைந்திருக்கும்.

பணம் போடுவதற்கு முன்

கற்றுக்கொள்ள வேண்டுமானால் மூன்று மாதம் நோட்டில் மட்டும் வாங்கி விற்றுப் பாருங்கள். தோற்ற அறிகுறிகளையும் விடாமல் எழுதுங்கள், கட்டணத்தையும் கழியுங்கள். பயிற்சி வகுப்பில் காட்டப்படும் வரைபடங்கள் பெரும்பாலும் வென்றவை மட்டுமே.

முன்பேர வணிகத்தைத் தொழிலாக நடத்த 2007-ஆம் ஆண்டின் மூலதனச் சந்தைகள் மற்றும் சேவைகள் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும். தரகர் பெயரை செக்யூரிட்டீஸ் கமிஷனின் இணையப் பதிவேட்டில் தேடலாம். அதே தளத்தில் எச்சரிக்கைப் பட்டியலும் இருக்கிறது. ‘உங்க கணக்கை நாங்களே ஓட்டுறோம், மாசம் இவ்வளவு உறுதி’ என்று சொல்லி, தனிநபர் வங்கிக் கணக்கில் பணம் போடச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பணம் அனுப்பிய பிறகுதான் சந்தேகம் வந்தது என்றால், உடனே உங்கள் வங்கியையோ 997 என்ற தேசிய மோசடி எதிர்ப்பு மைய எண்ணையோ அழையுங்கள். பணம் வேறு கணக்குகளுக்குக் கைமாறுவதற்கு முன் தடுக்க அந்த முதல் சில மணி நேரம்தான் இருக்கிறது.