எம்ஜிஏ, ட்ரையம்ப் டிஆர்3: மலைநாட்டு வீதியில் இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்கள்

எம்ஜிஏ, ட்ரையம்ப் டிஆர்3 ஆகிய பிரித்தானிய இரண்டிருக்கைக் கார்கள் இரண்டும் 1955இன் பிற்பகுதியில் வெளிவந்தன. முன்னது அபிங்டனிலும் பின்னது கொவென்ட்ரியிலும் கட்டப்பட்டன. 1962 வரை 101,081 எம்ஜிஏக்கள் உருவாயின. அவற்றுள் பிரித்தானியாவிலேயே விற்றவை 5,869தான். பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. டிஆர்3, 3ஏ, 3பி மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 75,000.

இரண்டுமே சாதாரணக் குடும்பக் கார்களின் எஞ்சினை வாங்கிக்கொண்டவை. எம்ஜிஏயின் 1489 சிசி எஞ்சின் ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் ஒக்ஸ்போர்ட் கார்களுக்கும் உரியது. இந்தியாவின் அம்பாசடரிலும் அதன் வகையே ஓடியது. டிஆர்3இன் 1991 சிசி எஞ்சின், மதராஸிலும் கட்டப்பட்ட ஸ்டாண்டர்ட் வான்கார்டின் எஞ்சினைச் சற்றே சிறிதாக்கியது. பெர்குசன் டிராக்டரும் இதே குடும்பத்து எஞ்சினால்தான் உழுதது. டிராக்டர் எஞ்சின் என்று எம்ஜி பிரியர்கள் கேலி செய்வதுண்டு. மலையில் அந்தக் கேலி எடுபடாது.

இலங்கை மலைநாட்டில் கொட்டகலையிலிருந்து தலவாக்கலை, நானுஓயா வழியாக 1,868 மீட்டர் உயரத்து நுவரெலியாவுக்கு ஏறும் ஏ7 வீதியை எடுத்துக்கொண்டால் வேறுபாடு விளங்கும். அந்த உயரத்தின் மெல்லிய காற்றில் எந்தக் காபரேட்டர் எஞ்சினும் வலுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். தொடக்கத்தில் 68 குதிரைவலுவே கொண்டிருந்த எம்ஜிஏக்கு அது பெரிய இழப்பு. அடிக்கடி கியர் இறக்க வேண்டும். 95 குதிரைவலுவுள்ள டிஆர்3 குறைந்த சுழற்சியிலேயே இழுத்துக்கொண்டு போகும். ஆனால் முடக்குகளில் கதை மாறுகிறது. டிஆர்3இன் சட்டகம் பின் அச்சுக்கு அடியால் செல்வதால் அச்சு கீழிறங்க இடம் குறைவு. கடும் திருப்பத்தில் உட்பக்கச் சில்லு தரையை விட்டு எழும். மழை பெய்த தார்வீதியில் அது விளையாட்டல்ல. எம்ஜிஏயின் பல்சட்ட ஸ்டியரிங் கைக்கு உடனே பதில் சொல்லும். இறக்கத்திலோ மறுபடி டிஆர்3தான் நம்பத்தக்கது: 1956இன் இறுதியிலேயே அதற்கு முன்சில்லு டிஸ்க் பிரேக் வந்துவிட்டது. சாதாரண எம்ஜிஏ அதற்காக 1959இன் 1600 மாதிரி வரை காத்திருந்தது.

மலையேற்ற ஓட்டம் இப்பகுதிக்குப் புதிதல்ல. நுவரெலியாவின் மாகஸ்தோட்டை ஓட்டம் 1934இல், துரைமார் காலத்தில், தேயிலைத் தோட்டப் பாதையில் தொடங்கியது.

அந்நியச் செலாவணி நெருக்கடியால் 1960களில் இலங்கையின் கார் இறக்குமதி இறுகியது. 1977இல்தான் கதவு திறந்தது. புதிய காருக்கு வழியில்லாத அந்த ஆண்டுகளில் பழைய காரை ஓடவைத்தவை உறவுக் கார்களின் உதிரிப்பாகங்களே. இதில் எம்ஜிஏக்கு அதிர்ஷ்டம் அதிகம்: கேம்பிரிட்ஜும் ஒக்ஸ்போர்டும் தீவெங்கும் ஓடின.

அதனால் இங்கே எம்ஜிஏ வாங்குபவர் முதலில் எஞ்சின் எண்ணைப் பார்ப்பது நல்லது. உள்ளே இருப்பது கேம்பிரிட்ஜின் எஞ்சினாக இருக்கக்கூடும். ஓட்டுவதற்கு அது குறையில்லை, விலைக்குக் குறை. அடுத்துப் பார்க்கவேண்டியது கால்மிதியின் கீழே. எம்ஜிஏயின் தளம் ஒட்டுப்பலகை; மலைநாட்டு ஈரத்தில் உளுத்துவிடும், ஆனால் தச்சரே மாற்றித் தருவார். கதவுக்கடியில் உள்ள தகடும் சட்டகமும் துருவேறியிருந்தால் செலவு வேறு கணக்கு. டிஆர்3இலும் துரு பொதுவான நோயே. எனினும் அதன் எஞ்சினில் சிலிண்டர் உறைகளைத் தனித்தனியே கழற்றி மாற்றலாம். பிளாக்கைக் குடையத் தேவையில்லை.

வரிசையில் எம்ஜிஏக்குப் பின் 1962இல் எம்ஜிபியும், டிஆர்3க்குப் பின் 1961இல் டிஆர்4உம் வந்தன.