கொழுந்தும் காலமும்

பொருளை உற்பத்தி செய்யும் எந்தத் தொழிலிலும் முகாமை செய்வோர் முதலில் ஆராய வேண்டியது ஒன்றுண்டு. அப்பொருள் எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பதே அது. நெல்லைக் குதிரில் இட்டு வைக்கலாம். கொப்பறாவை வைத்திருந்து விலை பார்த்து விற்கலாம். தேயிலைக் கொழுந்தோ கிள்ளிய நொடி முதலாகவே மாறத் தொடங்கிவிடுகிறது. கூடையில் அழுத்தி அடைத்தால் சூடேறிச் சிவந்து கெடுகிறது. இலங்கை மலைநாட்டின் தோட்டங்களும் தொழிற்சாலைகளும் மாத்திரமன்றி, அங்கு வாழும் மக்களின் வரலாறுங்கூட இந்தச் சிறிய இலையின் அவசரத்தினால் உருவானது எனின் அது மிகையன்று.

தேயிலைக்கு முன்னர் மலைநாட்டில் கோலோச்சியது கோப்பி. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கண்டியைச் சூழ்ந்த காடுகள் வெட்டப்பட்டுக் கோப்பித் தோட்டங்களாயின. கோப்பி ஒரு பருவப் பயிர். பழம் பழுக்கும் சில மாதங்களிலேயே ஆட்கள் பெருந்தொகையாகத் தேவைப்பட்டனர். அக்காலத்திற்கென்று தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கங்காணிமார் ஆட்களைத் திரட்டி வந்தனர். கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காடுகளினூடே மாத்தளை வரை அவர்கள் கால்நடையாகவே வந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். அறுவடை முடிந்ததும் எஞ்சியோரிற் பெரும்பாலோர் ஊர் திரும்பினர். வேலை உள்ள மாதங்களுக்கு மாத்திரம் கூலி கொடுத்தாற் போதும் என்பது தோட்டத் துரைமாரின் கணக்கு. ஆட்கள் தங்குவதற்கென வரிசை வரிசையாக அறைகள் கட்டப்பட்டன. லயம் என்று பெயர் பெற்ற அவ்வறைகள், சில மாதத் தங்கலுக்கென்றே எண்ணப்பட்டவை.

1869ஆம் ஆண்டு மடுல்சீமைப் பகுதியிற் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் நிறப் பூஞ்சண நோய் காணப்பட்டது. அடுத்துவந்த ஆண்டுகளில் அது மலைநாடெங்கும் பரவிக் கோப்பித் தொழிலையே வீழ்த்தியது. இந்நோய் தோன்றுமுன்னரே, 1867இல், ஸ்கொத்லாந்தினரான ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். அவருடைய பங்களா விறாந்தையே முதலில் தொழிற்சாலையாக விளங்கிற்று. அங்கு மேசைமீது இலையைக் கையால் உருட்டி, கரி அடுப்பின்மேல் கம்பித் தட்டுகளில் வைத்து உலர்த்தினார். 1873இல் 23 இறாத்தல் தேயிலை இலண்டனுக்கு அனுப்பப்பட்டது. 1883இல் கொழும்பில் முதலாவது தேயிலை ஏல விற்பனை நடைபெற்றது. நூற்றாண்டு முடிவதற்குள் மூன்று இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் தேயிலைக்கு உரியதாயிற்று.

விறாந்தையில் ஒருவர் கையால் செய்த வேலையை மலை மலையாக விளையும் கொழுந்துக்கு ஏற்றவாறு பெருக்குவது எங்ஙனம்? அதற்கு யந்திரம் மாத்திரம் போதாது, ஒழுங்கும் வேண்டும். அஸ்ஸாம் தோட்டங்களிற் பணியாற்றிய வில்லியம் ஜாக்சன் இலையை உருட்டும் யந்திரங்களையும், சாமுவேல் டேவிட்சன் 'சிறொக்கோ' என்னும் உலர்த்தும் யந்திரத்தையும் ஆக்கி அளித்தனர். இவற்றைச் சுற்றி எழுந்த மாடிக் கட்டடங்களே இன்றும் மலைச்சரிவுகளில் நிற்கும் தேயிலைத் தொழிற்சாலைகள்.

அக்கட்டடத்தின் அமைப்பே ஒரு பாடம் எனலாம். கொழுந்து முதலில் மேல்மாடிக்குச் செல்கிறது. அங்கே பரப்பப்பட்டு, பன்னிரண்டு மணித்தியாலம் அல்லது அதற்கும் மேலாக வாடுகிறது. கீழே உலர்த்தும் அடுப்பிலிருந்து எழும் வெப்பக் காற்றே மேலே வாட்டவும் பயன்படுகிறது. வாடிய இலை கீழ்த்தளத்திற்கு இறங்கி உருட்டப்படுகிறது. பின்னர் பரப்பப்பட்டு, காற்றுப்பட்டுச் செம்பு நிறமடைகிறது. இந்தக் கட்டத்திலேதான் தேயிலை மேன்மையுறுவதும் பாழாவதும். நேரம் குறைந்தால் பச்சை வாடை. மிகுந்தால் சாரமற்ற சாயம். ஆகவே கடிகாரத்தையும் தம் மூக்கையும் ஒருங்கே நம்பி, எந்தக் கணத்தில் அடுப்பிலிட வேண்டும் என்று தீர்மானிப்பவர் டீமேக்கர். உருட்டும் யந்திரம் ஒன்று பழுதுபட்டால் மேல்மாடியில் இலை தேங்கும். அடுப்பு தாமதித்தால் கீழே இலை புளிக்கும். ஒவ்வொரு படியும் அடுத்த படியின் வேகத்தோடு ஒத்துச் செல்ல வேண்டும். இவ்வாறு உழைத்து, ஏறத்தாழ நாலரை இறாத்தல் கொழுந்திலிருந்து ஓர் இறாத்தல் தேயிலை பெறப்படுகிறது.

தொழிற்சாலையின் இந்த ஒழுங்கு மலைக்கும் விதிக்கப்பட்டது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக எடுக்கும் கொழுந்து, ஏழு முதல் பத்து நாட்களுக்குள் மீண்டும் தளிர்க்கும். அதற்குள் எடுக்காவிடின் முற்றிவிடும். எனவே தோட்டம் மலைகளாகப் பிரிக்கப்பட்டு, நாளுக்கொரு மலையாகச் சுற்று வகுக்கப்பட்டது. கவ்வாத்து வெட்டுவதும் அவ்வாறே. எல்லா மலைகளையும் ஒரே ஆண்டில் வெட்டினால் தொழிற்சாலை பட்டினி கிடக்கும். ஆதலால் ஆண்டுக்குச் சில மலைகள் எனப் பங்கிடப்பட்டது. விடியுமுன் பிரட்டுக்களத்தில் ஆட்கள் திரண்டனர். கணக்கப்பிள்ளை பெயர் பதிந்து மலை பிரித்துக் கொடுத்தார். பெண்கள் கொழுந்துக்கும் ஆண்கள் கவ்வாத்துக்குமாகப் பிரிந்தனர். குறித்த நிறை சேர்ந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர்.

இங்கேதான் கோப்பிக்கும் தேயிலைக்கும் உள்ள பெரும் வேற்றுமை வெளிப்படுகிறது. கோப்பிக்குப் பருவம் உண்டு, தேயிலைக்கு ஓய்வில்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து தளிர்க்குமாயின் ஆண்டு முழுவதும் கைகள் வேண்டும். வந்துபோகும் கூட்டம் இதற்குப் பயன்படாது. ஆகவே குடும்பம் குடும்பமாக மக்கள் குடியேற்றப்பட்டனர். பிள்ளைகள் லயத்திலேயே பிறந்தனர். அதே மலையில் முதியோராயினர். ஆயினும் பருவத் தங்கலுக்கு எண்ணிய பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையே பல குடும்பங்களுக்கு நிலையான வீடாயிற்று. 'துண்டு' எனப்பட்ட கடன் சீட்டு, கடன் தீராமல் வேறு தோட்டம் செல்ல விடாது தொழிலாளரைக் கட்டி வைத்தது. 1921இல் இத் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது.

நிலையான உழைப்பைக் கோரிய தொழில், அவ்வுழைப்பாளரை நிலையான குடிகளாக ஏற்றுக்கொண்டதா? நாடு சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட பிரசாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. தலைமுறைகளாக இம்மண்ணில் உழைத்தோரை, பருவம் முடிந்தால் ஊர் திரும்பும் கோப்பிக் காலத்து மனிதராகவே அச்சட்டம் கண்டது போலும். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம், 975,000 பேரைப் பொருட்களைப் பங்கிடுவதுபோல் இரு நாடுகளுக்கிடையே பங்கிட முனைந்தது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படும் என்றவாறு. நாடற்ற நிலையை நீக்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே நிறைவேறிற்று.

இடையில் 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை கம்பனிகளிடம் சென்றது. உடைமை கைமாறிய போதெல்லாம் கொழுந்தின் சுற்று மாறவில்லை. இலை வாடும் நேரத்தைத் துல்லியமாகக் கணக்கிட்ட முகாமை, அதனைக் கிள்ளிய மனிதரின் வாழ்நாளைத் தன் கணக்கிற் சேர்க்கத் தவறியது. உற்பத்தித் தொழிலின் வரலாற்றைக் கற்போர், யந்திரங்களின் திறமையோடு அந்த விடுபாட்டையும் சேர்த்தே கற்றல் வேண்டும்.